அரைத்திருகல்

ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால்
என் டட்சனுக்கு மூச்சு முட்டும்.
எழுபத்திரண்டாம் ஆண்டு எஸ்.எஸ்.எஸ்,
ஒன்றுக்கு இரண்டு காபரேற்றர்,
பெயருக்குத்தான் பாய்ச்சல்.
நிலாவெளி நேர்ரோட்டில் போன மாசி
ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட ஒரு மீன்வண்டி
என்னை முந்திப் போனது.
ஓட்டின பெடியன் கையும் காட்டினான்.

கன்னியாவில் ஒருநாள் முற்றாக நின்றது.
வெந்நீர்க் கிணறு பார்க்க வந்த பஸ் சனம்
தள்ளிவிட்டுக் கேட்டது:
"பெற்றோல் இருக்கோ?"
இருந்தது. டாங்கி முட்ட இருந்தது.
வர வழிதான் இல்லை.

எட்டு மில்லிமீற்றர் செம்பு நிக்கல் குழாய் ஒரு சுருள்,
கம்பி பின்னிய ஹோஸ்,
பின்சில்லுப் பக்கம் பூட்ட மின்சார பம்ப்,
அழுத்தத்தை மூன்றரையில் பிடித்து வைக்க ஒரு குமிழ்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன.
மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன்.
வாசலில் மேய்ந்த புள்ளிமான்
பெட்டி மட்டையைப் பில்லோடு தின்றது
அது எனக்குச் செய்த உபகாரம்.

சனிக்கிழமை. ஜாக்கில் கார்.
சாக்கு விரித்து மல்லாந்து கிடந்தேன்.
இம்தாத் டோர்ச் பிடித்தான்
பற்றவைக்காத சிகரெட்டைக் காதில் செருகியபடி.
சீனக்குடாவில், அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளுக்குக்
கூப்பிடு தூரத்தில் பிறந்தவன்
பெற்றோல் மணத்துக்கு மூக்கைக்கூடச் சுழிக்க மாட்டான்.

பழைய குழாய் கறள்.
ஐம்பது வருச உப்புக்காற்று
விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்து
கண்ணில் விழுந்தது.
பின்னாலிருந்து கழற்றிக்கொண்டு வந்தேன்
கிளிப், கிளிப், இன்னொரு கிளிப்
சாரதி இருக்கைக்கு நேர்கீழே
குழாய் நேரே போகவில்லை.
தகட்டைத் துளைத்து மேலே ஏறி
மறுபடி இறங்கியது.

கம்பளத்தைக் கிளப்பினோம்.
ஒரு பித்தளை வால்வு.
கிணற்று மோட்டருக்குப் போடுகிற சின்னச் சாதி.
துளையின் விளிம்பை யாரோ
பொறுமையாக அரம் பிடித்திருந்தார்கள்.
பாதி மூடியிருந்தது.

இம்தாத் சிரித்த சிரிப்பில்
டோர்ச் வெளிச்சம் ஆடியது.
"ஒரு திருகுக்கா மச்சான் இவ்வளவு காசு?"

காரை எனக்கு விற்றுவிட்டு
மெல்பேணுக்குப் போன லொரேன் பார்த்தலட்டுக்கு
அன்றிரவே எடுத்தேன்.

"ஓ, அதுவா. எண்பத்தேழில டடா போட்டது.
வாகனம் கேட்டு வந்தா
இல்லை எண்டு சொல்ல ஏலாதே.
திறப்பைக் குடுக்கிறது,
இறங்கேக்க குதிக்காலால ஒரு திருகு.
முன்னூறு யார் ஓடும். பிறகு நிக்கும்.
உதைஞ்சுபோட்டு விட்டிட்டுப் போவாங்கள்."

"ஆர்?"

"ஆர் இல்லை?"

பிறகு அவளாகவே கேட்டாள்:
"முழுக்க மூடியா இருந்தது?"

"பாதி."

அந்தப் பக்கம் ஒரு கேத்தல்
கொதித்து, கூவி, அடங்கியது.
"நான் பேந்து எடுக்கிறன்" என்றாள்.
எடுக்கவில்லை.

புதுக் குழாயை வெளியால் கொண்டுபோனேன்
புகைக்குழாய்ச் சூட்டுக்கு எட்டாமல்
முழத்துக்கு ஒரு பிடி கொடுத்து.
ஒவ்வொரு பூட்டுக்கும் கீழே பேப்பர்த் துண்டு வைத்து
ஈரம் பார்த்தோம். இல்லை.
திறப்பைத் திருப்பினதும் பம்ப்
பல்லி மாதிரிச் சொன்னது
டிக், டிக், டிக்.

கிண்ணியாப் பாலம், சுபஹு முடிந்த கையோடு.
ஐயாயிரம்.
ஐயாயிரத்து எண்ணூறு.
முள் இதுவரை போகாத இடத்தில்
கண்ணாடியில் பழைய தூசு அப்படியே இருந்தது.
இரண்டு பக்கமும் தண்ணீர்,
இம்தாத் ஏதோ கத்துகிறான், கேட்கவில்லை,
என் குதிக்காலோ
இருக்கைக்கடியில் எதையோ துழாவுகிறது.

தகட்டுத் துளையை இன்னும் ஒட்டவில்லை.
மழைக்கு முன்பு ஒட்ட வேண்டும்.
வால்வு கதவுப் பையில் கிடக்கிறது,
வளைவுகளில் உருள்கிறது.
அந்தக் கைப்பிடியை
அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ
நான் திருப்பவில்லை.